மழைவளமும் மாந்தர் வினையும்: பாண்டிநாட்டு இலக்கியச் சான்றுகள் பற்றியதொரு திறனாய்வு

தோற்றுவாய்

மழை பொய்ப்பதற்கும் வெப்பம் மிகுவதற்கும் மக்களின் செயல் எத்துணைக் காரணம் என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. அறிவியலார்க்கு உரிய இவ்வினாவில் தமிழிலக்கியத்தைச் சான்றாக அழைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தே பெருகி வருகின்றது. மேடைகளிலும் கட்டுரைகளிலும் பட்ட ஆய்வேடுகளிலும் திருக்குறளும் சங்கச் செய்யுளும் சிலப்பதிகாரமும் காலநிலை மாற்றத்திற்குச் சான்று கூறுவனவாக எடுத்துக்காட்டப்படுகின்றன. அழைக்கப்பட்ட நூல் தான் அறிந்ததைக் கூறுகின்றதா, அன்றி அழைத்தவர் விரும்பியதைக் கூறுமாறு செய்யப்படுகின்றதா என ஆராய்வது திறனாய்வின் கடமையாகும். அக்கடமையை ஒரு சிறு நிலப்பகுதியை எல்லையாகக் கொண்டு ஈண்டு மேற்கொள்கின்றோம்.

அந்நிலப்பகுதி, தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும், அதற்குத் தெற்கே தென்காசி, குற்றாலம் வரை மலையடிவாரத்தில் அமைந்த ஊர்களும் ஆகும். இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மேற்குமலைத் தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிற்பதால் அதன் கீழ்ப்புறம் மழைமறைவு நிலமாயிற்று. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் காற்றுக் குற்றாலத்திற்குச் சாரலைத் தருகின்றது. வடக்கே உள்ள புளியங்குடியோ அச்சாரலின் பயனைக் குறைவாகவே பெற்று, ஐப்பசி கார்த்திகை மழையையும் மலையினின்று இறங்கும் ஓடைகளையும் கிணற்று நீரையும் நம்பி எலுமிச்சை வளர்க்கின்றது. இத்தகைய நிலத்தில் பருவம் சிறிது பிறழினும் அதன் விளைவு உடனே தோன்றும். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதிலும் வழக்கமான அளவினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. ஏழாண்டு கழித்து, 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், தென்மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பொருநையாறு கடலொடு கலக்கும் பகுதிக்கு அணித்தான காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2024 மே மாதத்தில், சாரற் பருவம் தொடங்குதற்கு முன்னரே, பழைய குற்றால அருவியில் எதிர்பாராது பெருகிய வெள்ளம் ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டது. இவற்றுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா இவ்வட்டாரத்து மக்களுக்கு வாழ்வொடு பட்ட வினாவாகும். அதற்கு விடை காண்பதில் இலக்கியச் சான்றைத் தவறாக ஆளுதல் சிறு பிழையாகாது.

இருவகை வாதம்

இலக்கியத்தைச் சான்று காட்டுவோர் இருதிறத்தினர். மன்னன் முறை தவறின் மழை தவறும் என நம் நூல்கள் கூறுதலின், மக்கள் செயல் வானிலையைக் கெடுக்கும் என்னும் உண்மையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டறிந்தனர் என்பர் ஒரு சாரார். பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் நிகழ்ந்ததாக இறையனார் களவியல் உரை கூறுகின்றது. அக்காலத்தில் ஆலைப் புகையும் ஊர்திப் புகையும் இல்லை. ஆதலின் வறட்சியும் வெள்ளமும் இயற்கையின் சுழற்சியே. அவற்றை மக்கள்மேல் ஏற்றுவது மிகைக்கூற்று என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாரார் முடிவுகளும் தம்முள் முரண்பட்டன. ஆயினும் அவர்தம் அடிப்படை ஒன்றே. இலக்கியத்தில் மழை பற்றி வரும் கூற்றை, மழையின் இயற்பியற் காரணம் பற்றிய கூற்றாக இருவரும் கொள்கின்றனர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டுவது. அதற்குமுன், மாந்தர் வினையின் பங்கு குறித்து அறிவியல் இன்று துணிந்த முடிபை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அளவுகோல் இன்னதென்று அறியாமல் அளக்கப் புகுதல் ஆகாது.

அறிவியல் துணிபு

நிலக்கரியை எரிப்பதால் எழும் கரியமில வாயு உலகின் வெப்பத்தை உயர்த்தும் என்பதைச் சுவீடன் நாட்டு அரீனியசு 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். அவ்வாயு காற்றில் எவ்வளவு உள்ளது என்பதை அவாய்த் தீவின் மலைமுகட்டில் கீலிங் என்பார் 1958 முதல் இடைவிடாது அளக்கத் தொடங்கினார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அவ்வாயு, அவர் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு அளவில் இருந்தது; இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது.

இம்மிகுதி எரிமலையாலோ கடலாலோ நேர்ந்திருக்கலாகாதோ என ஐயுறுவார்க்கு விடை உண்டு. உயிருள்ள மரஞ்செடிகளில் காணப்படும் ஒருவகைக் கதிரியக்கக் கரி, பல கோடி ஆண்டு மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் கல்லெண்ணெயிலும் இராது. அது சிதைந்து மறைந்திருக்கும். காற்றிலுள்ள கரியில் அக்கதிரியக்கப் பங்கு குறைந்து வருவதை 1955இல் சூயசு என்னும் அறிஞர் காட்டினார். சேர்ந்த கரி மண்ணின் ஆழத்தினின்று மக்கள் அகழ்ந்தெடுத்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஞாயிற்றின் வெம்மை மிகுந்ததே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே வெப்பமுற வேண்டும். ஆயின் கீழடுக்கு வெப்பமுறும்போது மேலடுக்குக் குளிர்ந்து வருகின்றது. காற்றில் மிகுந்த வாயு வெப்பத்தைக் கீழே தடுத்து நிறுத்துதலின் விளைவு இதுவாகும்.

1988இல் நிறுவப்பட்ட அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழு தன் ஆறாம் மதிப்பீட்டின் முதற்பகுதியை 2021இல் வெளியிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியை நோக்க, 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் மாந்தர் வினையால் உயர்ந்த வெப்பம் 0.8 முதல் 1.3 பாகை வரை இருக்கலாம் என்றும், சிறந்த மதிப்பு 1.07 பாகை செல்சியசு என்றும் அது கணித்தது. ஞாயிறும் எரிமலையும் விளைத்த மாற்றம் கூட்டியோ குறைத்தோ பத்தில் ஒரு பாகைக்குள் அடங்கும். ஆகவே உலக வெப்ப உயர்வைப் பொறுத்தவரை மாந்தர் வினையின் பங்கு ஏறத்தாழ முழுமையும் ஆகும். இதில் வழக்கு இல்லை.

மழையைப் பொறுத்தவரை கணக்கு இத்துணை எளிதன்று. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்துள்ளது. கங்கைச் சமவெளியிலும் மேற்குமலைத் தொடரிலும் அக்குறைவு மிகுதி. ஆலைகளும் ஊர்திகளும் உமிழும் நுண்தூசு ஞாயிற்றொளியைத் தடுத்துப் பருவக்காற்றை மெலிவித்தது. கரியமில வாயு அதனை வலுப்பிக்க முயன்றது. தூசின் செயல் விஞ்சியது என்பது அறிஞர் விளக்கம். இரண்டும் மாந்தர் வினையே. ஆயின் ஒன்றற்கொன்று எதிர்ப்பட்டவை. அன்றியும் வெப்பம் ஒரு பாகை உயரின் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது ஆதலின், பெய்யும் நாள் குறைந்தாலும் பெய்யுங்கால் பெருமழையாகப் பெய்யும் இயல்பு மிகும். ஓராண்டின் வறட்சியோ வெள்ளமோ முழுவதும் மாந்தர் வினை என்று கூறவியலாது. பசிபிக் கடலின் எல் நினோ போன்ற இயற்கை ஊசலாட்டங்களும் உடன் நிற்கின்றன. ஆகவே அறிவியலின் விடை படிமுறையானது. வெப்பத்தில் மாந்தர் பங்கு தெளிவு. மழையில் அது கலப்பு. ஓர் ஊரின் ஓராண்டு மழையில் அதனைத் தனித்துப் பிரித்தல் அரிது.

வள்ளுவர் கூறும் மழை

இவ்வளவுகோலுடன் நூல்களை நோக்குவோம். முதற்சாரார் பெரிதும் எடுத்துக்காட்டுவது திருக்குறள். செங்கோன்மை அதிகாரம், முறைப்படி ஆளும் மன்னனின் நாட்டில் மழையும் விளைவும் ஒருங்கு கூடும் என்கின்றது. கொடுங்கோன்மை அதிகாரம், மன்னன் முறை பிறழின் பருவமழை பிறழும் என்கின்றது. இவ்விரண்டையும் மட்டும் நோக்கின் முதற்சாரார் கூற்றுக்கு இடமுண்டு போலத் தோன்றும்.

ஆயின் அதே கொடுங்கோன்மை அதிகாரத்தில், மன்னனின் அருளின்மை குடிகட்கு எத்தகையது என்பதற்கு உவமையாக உலகிற்கு மழையின்மை கூறப்படுகின்றது. ஓரிடத்தில் உவமையாக வருவதே மற்றோரிடத்தில் விளைவாக வருகின்றது. இன்னும் வான்சிறப்பு அதிகாரத்தை நோக்குக. அங்கு மழை பொய்த்தால் வழிபாடும் தானமும் தவமும் நடைபெறா என்பர் வள்ளுவர். ஈண்டு மழை காரணம், அறம் காரியம். கொடுங்கோன்மையில் அறம் காரணம், மழை காரியம். மழை எதனால் பொய்க்கின்றது என்பதற்கு வான்சிறப்பின் பத்துக் குறளிலும் விடை இல்லை. மழையின் தோற்றத்தை ஆராய்வது வள்ளுவர் நோக்கமாயின் இவ்வாறு ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் அவர் வையார். அறமும் மழையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உலகியலைக் கூறுவதே அவர் கருத்து. அதனைக் கரியமில வாயு பற்றிய முன்னறிவு எனக் கொள்வது வள்ளுவரைப் பெருமைப்படுத்துவதாகத் தோன்றினும், அவர் கூறிய அறத்தைச் சிறுமைப்படுத்துவதாகவே முடியும்.

காரணம் பிழைத்ததன் விலை

முதற்சாரார் வாதத்தில் மறைந்துகிடக்கும் இடர்ப்பாடு சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் வெளிப்படுகின்றது. கோவலன் கொலையுண்டபின் பாண்டிநாடு மழை வறங்கூர்ந்து வறுமையும் வெப்புநோயும் தொடர உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினித் தெய்வத்திற்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். பின்னர் மழை பெய்தது என்கின்றது அக்கட்டுரை. நீர்ப்படைக் காதையிலும் இச்செய்தி மாடலன் வாய்மொழியாக வருகின்றது.

கொற்கை, குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு சென்று கூடும் பொருநையின் கழிமுகத்தூர். ஆகவே நாம் எல்லையாகக் கொண்ட நீர்வழியின் கடைக்கண் இக்கதை நிகழ்கின்றது. கதைப்படி வஞ்சித்தவன் பொற்கொல்லன் ஒருவன். ஆராயாது தீர்ப்பளித்தவன் அரசன். பலியானோர் ஆயிரவர். அவர் செய்த குற்றம் குற்றவாளியின் தொழிலைத் தாமும் செய்தது ஒன்றே. மழை பெய்ததாகக் கூறப்பட்டமையின் அப்பலி தக்கதே என்னும் எண்ணம் கேட்போர்க்கு எழலாம். பலிக்குப்பின் மழை வந்தது என்பதால் பலியால் மழை வந்தது எனத் துணிதல் அளவை நூலார் எவர்க்கும் உடன்பாடன்று.

இச்செய்தியை நாம் எடுத்துக்கொண்டது இளங்கோவடிகள் காப்பியத்தின்மேல் குறை காணும் பொருட்டன்று. மழை பொய்த்தலை மாந்தர் வினையின் பயன் என்று கொள்ளும் மனப்பாங்கு, காரணத்தை அளந்து அறியும் முறையின்றித் தனித்து நிற்குமாயின், பழி எளியோர் தலையில் சென்று விழும் என்பதைக் காட்டுதற்கேயாம். மாந்தர் வினை என்று பொதுவாகக் கூறுவது போதாது. எவ்வினை, எவர் வினை, எவ்வளவு என்று கூறுதல் வேண்டும். இவ்வளவீடே இன்றைய அறிவியலுக்கும் பழைய நம்பிக்கைக்கும் இடையே உள்ள வேற்றுமை. தமிழர் அறிவியலை முன்னரே கண்டனர் என்னும் கூற்று இவ்வேற்றுமையை மறைத்துவிடுகின்றது.

வற்கடச் செய்தியின் வலிமை

இனி இரண்டாம் சாராரை நோக்குவோம். பன்னீராண்டு வற்கடம் களவியல் உரையில் மட்டும் வரும் செய்தியன்று. மணிமேகலையின் ஆபுத்திரன் வரலாற்றிலும் பாண்டிநாடு பன்னீராண்டு மழைவளம் இழந்தமை கூறப்படுகின்றது. இரண்டிடத்தும் ஒரே எண் வருதலின் அதனை ஆண்டுக்கணக்கு என்று கொள்வதினும் நெடுங்காலம் என்னும் குறிப்பு எனக் கொள்வதே பொருந்தும். அன்றியும் மணிமேகலையில் மழை மீண்டதற்குக் கூறப்படும் காரணம் வியப்பிற்குரியது. ஆபுத்திரனின் அன்னதானச் சிறப்பைக் கண்டு பொறாத இந்திரன், பசித்தோர் எவரும் இல்லையாகுமாறு நாட்டில் மழைவளம் பெருகச் செய்தான். அங்கு அறம் மிக்கதனால் மழை வந்தது. ஆயின் அம்மழை அறவோனைத் தோற்பிக்க வந்தது. திருக்குறளில் அரசன் முறை, சிலப்பதிகாரத்தில் பத்தினியின் சினம், மணிமேகலையில் இந்திரன் பொறாமை என ஒரே மழைக்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டுள்ளன. களவியல் உரை காரணம் எதுவும் கூறவில்லை. இவற்றுள் ஒன்றை வானிலைக் குறிப்பேடாகக் கொண்டு ஏனையவற்றை விடுதற்கு நெறி யாது?

வற்கடம் உண்மையாகவே நிகழ்ந்தது எனக் கொள்ளினும் இரண்டாம் சாரார் முடிவு பெறப்படாது. இயற்கையாகவும் வறட்சி வரும் என்பதை மறுப்பார் எவருமிலர். கொற்கைத் துறைமுகமே ஆறு கொணர்ந்த வண்டலால் தூர்ந்து, இன்று கடற்கரையினின்று சில கல் உள்ளே நிற்கின்றது. அதற்கு ஆலைப்புகை காரணமன்று. ஆயினும் மூங்கில் ஒன்றோடொன்று உராய்ந்து காட்டில் தீ எழுவதுண்டு. அதனால் ஒருவன் கூரையில் வைத்த தீயும் மூங்கிலால் எழுந்ததே எனத் துணியலாமோ? பண்டு நிகழ்ந்ததன் காரணம் இன்று நிகழ்வதன் காரணமாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. இன்றைய காரணத்தை இன்றைய அளவைகளே காட்டும்.

குறவஞ்சியும் பள்ளும்

குற்றாலத்தைப் பற்றிய ஆய்வுகளில் பிறிதொரு வழக்கமும் காணப்படுகின்றது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் வரும் மலைவளத்தையும், இன்று கோடையில் வறண்டு நிற்கும் அருவியையும் ஒப்பிட்டு, 18ஆம் நூற்றாண்டில் மழை இவ்வளவு மிகுந்திருந்தது எனக் கூறுவர். இதுவும் ஏற்புடைத்தன்று. குறத்தி தன் மலையின் வளத்தைப் புகழ்ந்துரைப்பது குறவஞ்சி இலக்கியத்தின் உறுப்பு. வறண்ட மலையைப் பாடுவதற்கு அவ்வகையில் இடமே இல்லை. சிற்றாறும் பொருநையும் கூடுமிடத்தைப் பாடும் முக்கூடற்பள்ளிலும் மழைக்குறியும் வெள்ளவரவும் உறுப்புகளாகவே அமைந்தன. இலக்கண மரபு வேண்டியதைக் கொண்டு மழையளவைக் கணக்கிடுதல் இயலாது. ஒன்று மட்டும் கூறலாம். மலையில் எழும் மேகம், அருவி, ஆறு, வயல் என்னும் தொடர்ச்சி ஒன்றென அப்புலவர்கள் அறிந்திருந்தனர். கேட்போரும் அதனை அறிந்திருந்தனர். பருவத்தின் ஒழுங்கு அவர்கட்கு எதிர்பார்ப்பாக இருந்தது. இலக்கியம் சான்று கூறவல்லது இவ்வெதிர்பார்ப்பிற்கேயாம்.

குறத்தி பாடிய மலையே பின்னர் வேறொரு வாதத்திற்கும் களமாயிற்று. காடழிந்தால் மழை குன்றும் என்னும் கொள்கையைச் சென்னையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பால்பர் 1849இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திற்குப்பின் 1882இல் சென்னை மாகாணத்துக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இருப்புப்பாதைக்கும் எரிவிறகிற்கும் கப்பலுக்கும் மரம் பெருவாரியாக வெட்டப்பட்ட காலம் அது. ஆயின் சட்டத்தின் கட்டுப்பாடு மலைவாழ் மக்கள்மேல் வன்மையாக விழுந்தது. காட்டை எரித்துப் பயிரிடும் அவர்தம் வழக்கமே காட்டழிவிற்கு முதற்காரணமாகப் பலராலும் பேசப்பட்டது. கொள்கையில் உண்மை இல்லாமல் இல்லை. மேற்குமலைக் காடுகள் வெளிவிடும் நீராவி தமிழகத்தின் தென்மேற்குப் பருவமழைக்குக் கணிசமாகத் துணைபுரிகின்றது என்பதை 2018இல் வெளிவந்த ஆய்வும் காட்டியுள்ளது. ஆயினும் பங்கீடு பிழைத்தது. பெரிதும் வெட்டியவன் தப்பினான். சிறிது வெட்டியவன் சிக்கினான். பொற்கொல்லர் கதை வேறொரு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது என்க.

மழையும் நீரும்

காரணம் காணுமிடத்து இன்றியமையாத வேறுபாடு ஒன்றுண்டு. அது மழைக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு. இதனைத் தெளிவாக உணர்த்துவது புறநானூற்றின் 18ஆம் பாட்டு. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடிய குடபுலவியனார், மழையைத் தருமாறு அவனை வேண்டினாரல்லர். வானத்தை மட்டும் நம்பிய நிலம் எத்துணைப் பரந்ததாயினும் ஆள்வோன் முயற்சிக்குப் பயன்படாது என்றும், பள்ளமான இடந்தோறும் நீரைத் தேக்குக என்றும் கூறினார். மழை மன்னன் கையில் இல்லை. நீர் அவன் கையில் உண்டு. அரசனின் கடமையை அவன் செய்யக்கூடிய வினையின் எல்லைக்குள் வைத்துக் காட்டிய நேர்மை இப்பாட்டின் தனிச்சிறப்பாகும்.

இவ்வேறுபாட்டைப் புளியங்குடி வட்டாரத்தில் பொருத்திக் காண்போம். மேற்குமலையில் உள்ள செண்பகவல்லி அணைக்கட்டு உடைந்தபின் வாசுதேவநல்லூர், சிவகிரிப் பகுதிக் குளங்கட்கு நீர்வரத்துக் குறைந்தது என்பது உழவர்களின் நீண்டகால முறையீடு. குளம் வறண்டு கிடப்பதைக் காண்போன் மழை குறைந்தது என்பான். ஆனால் மழை பெய்தும் நீர் வாராமல் இருத்தல் கூடும். கால்வாய் தூர்வதும், குளக்கரை சிதைவதும், ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை வற்றச் செய்வதும் மாந்தர் வினையே; ஆயின் அவை உலகக் காலநிலையை மாற்றும் வினையல்ல. அருகிருந்து செய்யும் வினை வேறு. சேய்மையிலிருந்து செய்யும் வினை வேறு. தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்து அது பழுதுறின் அதனைச் செப்பனிடுவார் யாவராயினும் அவரை அடிபணிவதாகக் கல்லில் பொறித்துவைத்தான். கட்டுவதினும் காப்பது அரிது என உணர்ந்த அரசன் ஆண்ட நாட்டில், செப்பமுறாத மதகின் குற்றத்தை வானத்தின்மேல் ஏற்றுவது முறையாகாது.

வெள்ளைக்குடி நாகனார் கண்ட நெறி

மாந்தர் வினையின் பங்கு பற்றி இலக்கியம் நமக்குக் கற்பிப்பது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அது காரணம் பற்றியதன்று, பொறுப்புப் பற்றியது. அதனை வகுத்துக் காட்டுவது புறநானூற்றின் 35ஆம் பாட்டு. பாண்டிநாட்டுப் பாட்டன்று ஆயினும் நம் வினாவிற்கு இதனினும் அணுக்கமான பழம்பாட்டு வேறில்லை.

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்பால் வெள்ளைக்குடி நாகனார் சென்று பாடித் தம் நிலத்தின் பழைய வரிக்கடனை நீக்கிக்கொண்டார் என்று அப்பாட்டின் கீழ்க்குறிப்புக் கூறுகின்றது. ஆகவே இது விண்ணப்பப் பாட்டு. இதில் புலவர் மூன்று இடர்களை வேறுவேறாக எண்ணுகின்றார். ஒன்று மழை பொய்த்தல். மற்றொன்று விளைவு குன்றுதல். மூன்றாவது, இயல்பல்லாத கேடுகள் மக்கள் செயலால் தோன்றுதல். இம்மூன்றில் எது நேரினும் உலகம் அரசரையே பழிக்கும் என்பது அவர் கூற்று.

புலவரின் சொல்லாட்சியை நுணுகி நோக்குதல் வேண்டும். மழை பொய்த்தது அரசனால் என்று அவர் கூறவில்லை. மழை பொய்த்தலையும் மக்கள் செயலால் விளையும் கேட்டையும் அவர் ஒன்றாக்கவுமில்லை. இயற்கை, செயற்கை என்னும் இரு சொற்களும் அவ்விடத்தே வருதல்கொண்டு, இன்று நாம் அச்சொற்களால் உணரும் பொருளையே அவரும் கருதினார் என்று பாய்ந்து முடிவு செய்தலும் தகாது. மக்களின் முறையல்லாச் செயலால் விளையும் தீங்கு என்ற அளவே அங்குக் கொள்ளத்தக்கது. ஆயினும் காரணம் பலவாயினும் பொறுப்பு ஆள்வோனைச் சாரும் என்று அவர் பிரித்துக் காட்டியது நம் கவனத்திற்குரியது. அப்பொறுப்பை நிறைவேற்றும் வழியையும் அவர் கூறுகின்றார். உழவர் சுமையைத் தாங்குக. அவர்தம் குடியைக் காக்க. அங்ஙனம் செய்யின் ஏனையோரும் காக்கப்படுவர் என்பது அவ்வழி. பலியும் சாந்தியும் வேண்டப்படவில்லை. வரி நீக்கம் வேண்டப்பட்டது, பெறவும்பட்டது. கொற்கையில் செழியன் செய்ததையும் உறையூர்ச் சோழன் செய்ததையும் ஒப்பிட்டால், மழை பொய்த்த காலத்தில் அரசு செய்யத்தகாததும் செய்யத்தக்கதும் விளங்கும்.

நாகனார் கூறிய காவலர் இன்று யாவர் என வினவலாம். 1850 முதல் இன்றுவரை நிலக்கரியும் கல்லெண்ணெயும் எரித்து உலகம் வெளிவிட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்கினரைக் கொண்ட இந்தியாவின் பங்கு நூற்றில் மூன்று நான்கு அளவினது. அந்நூற்றில் மூன்று நான்கிலும் கிணற்றடியில் எலுமிச்சை பேணும் குடும்பத்தின் பங்கு மிகமிகச் சிறிது. ஆகவே மாந்தர் வினை என்னும் தொடரில் உள்ள மாந்தர் என்னும் சொல் எல்லாரையும் ஒருங்கு குறிப்பதுபோல் தோன்றினும் எல்லாரையும் ஒப்பக் குறிப்பதாகாது. இயற்கையே காரணம் என்பார் கூற்றால் பெருவினை செய்தார் தப்புவர். எல்லாம் உலக வெப்பத்தின் விளைவே என்பார் கூற்றால் குளத்தைக் காவாதார் தப்புவர். மக்கள் பாவமே காரணம் என்பார் கூற்றால் இருவரும் தப்புவர்; எளியவர் சிக்குவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. காலநிலை மாற்றத்தில் மாந்தர் வினை எவ்வளவு என்பதற்கு இலக்கியம் விடை கூறாது, கூறவும் முயலவில்லை. அவ்விடை அளவைக் கருவிகளாலும் கணக்காலும் பெறப்பட்டுவிட்டது. உலகம் வெப்பமுற்றதில் மாந்தர் வினையின் பங்கு ஏறத்தாழ முழுமையானது. பருவமழையின் மாற்றத்தில் அது பிற காரணங்களொடு கலந்து நிற்கின்றது. ஊரின் நீர்க்குறையில் உள்ளூர் வினையே பல இடங்களில் முன்னிற்கின்றது. இம்மூன்றையும் கலவாமல் வைத்து ஆராய்தல் வேண்டும்.

இலக்கியத்தில் மழை பற்றி வரும் கூற்றுகளை ஆராயப் புகும் மாணவர், அக்கூற்று உவமையா, வகையின் மரபுறுப்பா, அறவுரையா, விண்ணப்பமா என முதற்கண் பகுத்துணர்தல் நன்று. அங்ஙனம் பகுத்துணராமல் அடிகளைத் திரட்டித் தருதல் ஆய்வாகாது. பகுத்துணர்ந்தபின் எஞ்சி நிற்பது சிறிதன்று. நீரைத் தேக்குக என்ற குடபுலவியனாரும், உழவர் சுமையைத் தாங்குக என்ற வெள்ளைக்குடி நாகனாரும் தம் காலத்து அறிவின் எல்லைக்குள் நின்று ஆள்வோர்க்கு உரிய கடமையைச் சுட்டினர். காரணத்தை அறியும் கருவி அவர்க்கு இல்லை. கடமையை அறியும் தெளிவு இருந்தது. நமக்குக் கருவியும் கிடைத்துள்ளது. அதனால் அறிந்த பங்கீட்டின்படி கடமையையும் பங்கிட்டுக்கொள்ளுமாறு உரியாரை வற்புறுத்துவதே அப்புலவர் மரபிற்கு நாம் ஆற்றத்தக்க பணியாகும்.